ஒரே நாள்ல நாலு கோட்டை ட்ரிப்... பழவேற்காட்டுல என்ன பார்க்கப் போறீங்க?

காலை 5.30-க்கு வேன் கிளம்பும். வழியில டிபன். கைடு உண்டு, போட்டோகிராபர் உண்டு. ராத்திரி 8 மணிக்கு வீட்டுல இறக்கி விட்டுடுவாங்க. 'ஒரே நாளில் கோட்டைகள் சுற்றுலா' என்று இப்படி ஒரு போஸ்டர் உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். மலையேற்றம், பீச் எல்லாம் பார்த்து முடிச்சாச்சு; இப்போ வீக் எண்டுக்கு வரலாறு.

இதுக்கு ஒரு நல்ல நேரமும் கூடி வந்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. 'கோட்டைன்னா ராஜஸ்தான் போகணும்' என்ற நினைப்பு கொஞ்சம் கலைந்திருக்கிறது.

செஞ்சி மலை மேல் இருக்கும் கோட்டை. அதை ஒரு நாள் ஒதுக்கித்தான் ஏறணும். ஆனா சென்னையைச் சுற்றிக் கடற்கரையில் நாலு கோட்டைகள் இருக்கின்றன. நாலும் கடல் வணிகத்துக்காகக் கட்டப்பட்டவை. அதில் மூன்றில் நீங்கள் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம், செல்ஃபி எடுக்கலாம். நாலாவது பழவேற்காடு. அங்கே வேனை விட்டு இறங்கியதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "கோட்டை எங்க?"

அந்தக் கேள்விக்கு உங்க கைடு என்ன பதில் சொல்றார் என்பதை வைத்தே, அந்த ட்ரிப்புக்குக் கொடுத்த காசு செரிச்சுதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

நாலு கோட்டை, நாலு கதி

முதலில் மேப்பைத் திறந்துக்கோங்க.

நடுவில் சென்னை, புனித ஜார்ஜ் கோட்டை. 1639-ல் ஆங்கிலேயர்கள் இடம் வாங்கி, 1644-ல் முதல் கட்டமாகக் கட்டி முடித்தது. இது இன்னும் உயிரோடு இருக்கும் கோட்டை. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இதற்குள்தான். 'கோட்டையைப் பிடிப்பது யார்?' என்று தேர்தல் நேரத்தில் தலைப்பு போடுகிறோமே, அது இந்தக் கோட்டைதான்.

தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில், கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை. மஸ்லின் துணிக்குப் பேர் போன ஊர். மத்தியத் தொல்லியல் துறை பராமரிப்பதால் சுவர்கள், கிடங்குகள், கல்லறைகள் எல்லாம் பார்க்கிற நிலையில் இருக்கின்றன.

இன்னும் தெற்கே போனால் கடப்பாக்கம் அருகே ஆலம்பரை. முகலாயர் காலத்தில் எழுந்து, 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயர்களால் இடிக்கப்பட்ட கோட்டை. மிச்சம் இருந்ததில் ஒரு பகுதியை 2004 சுனாமி கொண்டுபோனது.

வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு. இங்கே இருந்தது கெல்ட்ரியா கோட்டை. சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்கள் கட்டிய முதல் கோட்டை, பல ஆண்டுகள் அவர்களின் தலைமையகம். இன்று அங்கே நீங்கள் பார்க்கப்போவது முள்செடி மண்டிய ஒரு மேடு, சுற்றிலும் பழைய அகழியின் தடம். அவ்வளவுதான்.

ஒரு பிராக்டிகல் விஷயம். பழவேற்காடு வடக்கு, ஆலம்பரை தெற்கு. இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் பாதி நாள் வேனுக்குள்ளேயே கழிந்துவிடும். சென்னைக் கோட்டையும் பழவேற்காடும் ஒரு நாள். சதுரங்கப்பட்டினமும் ஆலம்பரையும் இன்னொரு நாள். இதுதான் உருப்படியான பிளான். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

கோட்டை இல்லாத கோட்டையின் கதை

டச்சு கிழக்கிந்திய கம்பெனி 1602-ல் தொடங்கப்பட்டது. அவர்களுக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகளின் ஜாதிக்காயும் கிராம்பும். ஆனா அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளிக் காசைவிட விரும்பிக் கேட்டது நம்ம ஊர் துணியை. அதனால், மசாலா வாங்க முதலில் சோழமண்டலக் கரையில் துணி வாங்கணும். அந்தத் துணிக்காகத்தான் பழவேற்காடு.

1610-ல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் ஆட்சியில் டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை வைக்க அனுமதி வாங்கினார்கள். மயிலாப்பூர் சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1612-ல் வந்து தாக்கினார்கள். அடுத்த ஆண்டே, 1613-ல், டச்சுக்காரர்கள் கோட்டையோடு நின்றார்கள். தங்கள் நாட்டின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

நாணயம் அடித்தார்கள். வெடிமருந்து ஆலை வைத்தார்கள். 1690-ல் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியதும் ஊரின் மவுசு குறைந்தது. பிறகு ஆங்கிலேயர்களோடு சண்டை, கைமாறல், திரும்பக் கொடுத்தல் என்று இழுபறி. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். 1825-ல் ஊரே முழுசாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு சொந்தக் கதையும் இருக்கிறது. ஆங்கிலேயர்களும் பழவேற்காட்டில் காலூன்றப் பார்த்தார்கள். டச்சுக்காரர்களோடு ஒத்துவரவில்லை. ஏரியின் வடக்கே, இன்றைய ஆந்திராவில் இருக்கும் ஆறுமுகம் என்ற இடத்துக்குப் போனார்கள். அங்கேயும் சரிப்படாமல், அங்கே இருந்த பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடி வந்து 1639-ல் வாங்கியதுதான் மதராசப்பட்டினம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தால், நீங்க இன்னிக்கு எந்த ஊர் டிராஃபிக்ல நின்னுக்கிட்டு இருப்பீங்களோ!

இன்னொரு விஷயம் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். அந்தப் பெலிக்காட், பழவேற்காட்டின் ஆங்கிலப் பெயரான புலிக்காட்டிலிருந்து வந்தது. கோட்டை போச்சு. கைலியில ஊர்ப் பேர் நின்னுடுச்சு.

ரீல்ஸில் வராத சரக்கு

துணி, நாணயம், வெடிமருந்து. இதோடு கப்பலில் ஏறிய இன்னொன்று உண்டு: மனிதர்கள்.

1620-களில் தொடங்கி பல பத்தாண்டுகள், சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை டச்சு கம்பெனி அடிமைகளாக வாங்கி, பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பியது. பழவேற்காடு அதில் முக்கியமான துறைமுகம். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை ஏறியது. ஏன்னு யோசிச்சா நெஞ்சு அடைக்கும். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு வந்தார்கள். வாங்குவதற்குக் கம்பெனி கரையில் காத்திருந்தது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2022 டிசம்பர் 19-ல் நெதர்லாந்தின் அன்றைய பிரதமர் மார்க் ரூட்டே, அடிமை வணிகத்துக்காகத் தன் நாட்டின் சார்பில் அதிகாரபூர்வமாக மன்னிப்புக் கேட்டார். ஆசியாவில் டச்சு கம்பெனியின் அதிகாரத்துக்கு உட்பட்ட இடங்களில் 6,60,000 பேர் முதல் 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வரை விற்கப்பட்டதாக அந்த உரையிலேயே குறிப்பிட்டார். 2023 ஜூலை 1-ல் மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கணக்கில் நம்ம கரையிலிருந்து போனவர்களும் அடக்கம்.

கானா நாட்டைப் பாருங்கள். எல்மினா, கேப் கோஸ்ட் என்ற அக்கம்பக்கத்து ஊர்களில் இரண்டு பெரிய கடற்கரைக் கோட்டைகள். எல்மினாவை 1482-ல் போர்ச்சுகீசியர்கள் கட்டினார்கள்; 1637-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். தலைநகர் அக்ராவிலிருந்து இரண்டையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டும் ட்ரிப்கள் நடக்கின்றன. அங்கே கைடு உங்களை முதலில் ஆளுநரின் மாடிக்குக் கூட்டிப்போய் 'வியூ சூப்பர்ல?' என்று கேட்பதோடு முடிப்பதில்லை. அடிமைகளை அடைத்த நிலவறைக்குள் நிற்க வைப்பார். கப்பலுக்கு வெளியேறிய குறுகலான வாசலைக் காட்டுவார். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் கறுப்பின மக்கள், தங்கள் முன்னோர் கடைசியாகக் காலடி வைத்த இடத்தைப் பார்க்க அங்கே வருகிறார்கள்.

பழவேற்காட்டில் நிலவறை மிஞ்சவில்லை, வாசலும் மிஞ்சவில்லை. அதனால்தான் இங்கே கைடின் வாய் ரொம்ப முக்கியம். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் இருக்கின்றன. எல்லோரும் போட்டோ எடுப்பது அங்கேதான். உள்ளே அழகான எழுத்துகள் செதுக்கிய கற்களுக்குக் கீழே வணிகர்களும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தினரும் தூங்குகிறார்கள். பெயர், தேதி, குலச்சின்னம் எல்லாம் உண்டு. அவர்கள் கப்பலில் ஏற்றி அனுப்பியவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர்தான் கைடு. எலும்புக்கூட்டை மட்டும் காட்டி 'செம பயமா இருக்குல்ல?' என்பவர் வெறும் வழிகாட்டிப் பலகை.

கோட்டைக்குப்பம் எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் இருக்கிறது.

பழவேற்காட்டின் மீனவ ஊர்களில் ஒன்றின் பெயர் கோட்டைக்குப்பம். கோட்டை போய் 200 வருஷம் ஆகிவிட்டது. குப்பம் நிற்கிறது. ட்ரிப்பில் பத்து நிமிஷம்கூட ஒதுக்காத இந்தக் குப்பங்களில், கோட்டையைவிட உறுதியான ஒரு விஷயம் இருக்கிறது. அதற்குப் பெயர் 'பாடு'.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாகப் படும். வேறு இடங்களில் குறையும். நல்ல இடத்துக்கு எல்லோரும் ஓடினால் அடிதடிதான். அதனால் கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்கள் காலங்காலமாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. வலை விடும் இடங்களைப் பிரித்து, குலுக்கல் போட்டு, முறை வைத்துக்கொள்வது. இன்னிக்கு நல்ல இடம் உங்களுக்கு, அடுத்த முறை எனக்கு. ஊரில் 'தலைக்கட்டு'க் கணக்கில் வருபவருக்கு இந்த முறையில் பங்கு உண்டு. பொதுச்சொத்தை மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்கிறவர்கள் இந்தப் பாடு முறையைத் தேடிவந்து படித்திருக்கிறார்கள்.

இதை ரொம்பவும் தூக்கி வைத்துப் பேசவும் வேண்டாம். பாடு முறைக்குள் இருப்பவர்களுக்கு அது நியாயம்; வெளியே நிறுத்தப்பட்ட ஊர்களுக்கும் சமூகங்களுக்கும் அதுவே ஒரு சுவர். இதை வைத்துப் பல சச்சரவுகள் நடந்திருக்கின்றன. வலையும் படகும் இல்லாத இருளர்கள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். அதே ஏரிதான். ஆனா ஆளுக்கு ஆள் உரிமை வேற. ஒரு நல்ல கைடு இதையும் மறைக்க மாட்டார்.

இதோடு ஏரியின் உடம்பையும் புரிஞ்சுக்கணும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வருவது தெற்கு முனைதான். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவரும். முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் வந்து போகும். இந்த இரண்டும் கலந்தால்தான் இறால், நண்டு, மடவை எல்லாம். முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டால் மீன் குஞ்சும் உள்ளே வராது, படகும் வெளியே போகாது. அதனால்தான் நிரந்தர முகத்துவாரம் வேண்டும் என்பது இந்த ஊர்களின் பல வருஷக் கோரிக்கை. உங்களுக்கு முகத்துவாரம் என்பது ட்ரோன் ஷாட். அவர்களுக்கு அது மூச்சுக்குழாய்.

பக்கத்தில் வளரும் புதுக் கோட்டை

சென்னையிலிருந்து மீஞ்சூர் வழியாகப் போனால், வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகளைப் பார்ப்பீர்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகிறவை. கண்ணை மூடித் தூங்கிடாதீங்க. ட்ரிப்பின் முக்கியமான பகுதி இது.

காட்டுப்பள்ளி துறைமுகத்தை எல் அண்ட் டி நிறுவனம் கட்டியது. 2018-ல் அதை அதானி குழுமம் வாங்கியது. துறைமுகம் வந்தபோது காட்டுப்பள்ளி குப்பத்து மக்கள் இடம் மாற்றப்பட்டார்கள். பிறகு விரிவாக்கத் திட்டம் வந்தது. 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்குவது, ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் சரக்கு கையாளும் திறனை 320 மில்லியன் டன் ஆக்குவது. செலவு 53,031 கோடி ரூபாய். இதற்கான நிலத்தில் ஒரு பகுதி, கடலைத் தூர்த்து எடுக்கப்படுவது.

திட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதம்: வேலைவாய்ப்பு, ஏற்றுமதி, வட தமிழகத்தின் தொழில் வளர்ச்சி. மீனவர்களின் பயம்: கடலுக்குள் கல் கொட்டி நீட்டினால் மணல் நகரும் பாதை மாறும், வடக்கே கரை அரிக்கும். பழவேற்காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு குறுகலான மணல் திட்டு. அது அறுந்தால் ஏரியும் கடலும் ஒன்றாகிவிடும் என்கிறார்கள். எண்ணூர் துறைமுகம் வந்த பிறகு கரை அரித்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இங்கேதான் 1610-ம் இன்றும் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அன்று ஒரு வணிகக் கம்பெனி வந்தது. ஆட்சியில் இருந்தவர்களிடம் பேசி, இதே கரையில் இடம் வாங்கியது. கரையில் வலை காயவைத்துக்கொண்டு இருந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. டச்சுக் கம்பெனியும் இன்றைய நிறுவனமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அன்று மனிதர்களை விற்றார்கள், பீரங்கி வைத்தார்கள், இன்று அப்படி இல்லை. வித்தியாசம் இன்னொன்றும் உண்டு. இன்று சட்டப்படி கேட்டாக வேண்டும். அதற்குப் பெயர் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

இந்த விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021 ஜனவரி 22-க்கு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிவைக்கப்பட்டது. மறுபடியும் 2023 செப்டம்பர் 5-க்கு அறிவிக்கப்பட்டு, அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. படகுகளில் கறுப்புக்கொடி கட்டிய குப்பங்களின் குரல் அந்தத் தேதிகளை நகர்த்தியது. 400 வருஷத்தில் இந்தக் கரையில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். கோட்டைகள் எழுந்ததும் விழுந்ததும் இல்லை. 'எங்களையும் கேளுங்க' என்று சொல்ல ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது என்பதுதான்.

அந்த நாற்காலியைப் போட்டதும், அதில் சொல்லப்படுவதைக் கேட்பதும் கேட்காததும், நீங்கள் காலையில் பார்த்துவிட்டு வந்த அந்த முதல் கோட்டையில் முடிவாகும் விஷயங்கள். அதனால்தான் சென்னைக் கோட்டையையும் பழவேற்காட்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று முடிவெடுக்கும் இடம். இன்னொன்று அந்த முடிவு போய் விழும் இடம்.

உங்க 1,500 ரூபாய் எங்கே நிற்குது?

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பேர், தலைக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 30,000. வேன் வாடகை, டீசல், காலை டிபன், ஏற்பாடு செய்தவரின் பங்கு எல்லாம் சென்னையிலேயே நின்றுவிடும். மதியச் சாப்பாட்டையும் பொட்டலமாகச் சென்னையிலிருந்தே கொண்டுபோனால், பழவேற்காட்டுக்குக் கிடைப்பது டீக்கடைக் காசும் பிளாஸ்டிக் குப்பையும்.

இதையே மாற்றிப் போடுங்கள். மதியம் ஊரிலேயே ஒரு சின்னக் கடையில் நண்டுக் குழம்போடு சாப்பாடு, தலைக்கு 250 என்றால் 5,000. ஊர்க்காரர் ஒருவரை அரை நாள் கைடாக வைத்து 2,000. ஆக, 30,000-ல் 7,000 ஊரில் நிற்கும். கிட்டத்தட்ட கால் பங்கு. இதுக்கு மேல, பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனை ஓலைப் பெட்டிகள், கருவாடு என்று ஆளுக்கு 200 ரூபாய்க்கு வாங்கினால் இன்னொரு 4,000. ட்ரிப் செலவு பெரிதாக ஏறவில்லை. பணம் போகும் பாதைதான் மாறுகிறது.

படகைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லணும். 2011 டிசம்பர் 25-ல், கிறிஸ்துமஸ் அன்று, சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. 'நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தா கூட்டிப்போவாங்க ப்ரோ' என்று யாராவது சொன்னால், அதைச் சாமர்த்தியம் என்று நினைக்காதீர்கள். மீன்பிடிப் படகு மீன்பிடிக்க. அதில் 20 பேர் எழுந்து நின்று போட்டோ எடுத்தால் ஒரு பக்கம் சாயும். ஏதாவது நடந்தால் மாட்டிக்கொள்வது அந்தப் படகுக்காரர். முறையான அனுமதி, லைஃப் ஜாக்கெட் இரண்டும் இல்லாமல் ஏறாதீர்கள். கரையிலிருந்தே ஏரி நன்றாகத் தெரியும்.

புக் பண்றதுக்கு முன்னாடி 5 கேள்வி

போஸ்டரில் இருக்கும் நம்பருக்கு போன் போட்டு இதையெல்லாம் கேளுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

1. பழவேற்காட்டில் எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரம் என்றால் அது ட்ரிப் இல்லை, எட்டிப் பார்ப்பது. குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும். கோட்டை மேடு, கல்லறைத் தோட்டம், நிழல் கடிகாரம் இருக்கும் சின்னப் பள்ளிவாசல், ஆதிநாராயணப் பெருமாள் கோயில், மகிமை மாதா திருத்தலம், பாலம் தாண்டி லைட்ஹவுஸ் பக்கம். இதெல்லாம் நடந்து பார்க்க வேண்டியவை.

2. உள்ளூர்க்காரர் யார் பேசப் போகிறார்? வெளியிலிருந்து வரும் வரலாற்று ஆர்வலர் தேதிகளைச் சொல்வார். வலையை எந்த மாதம் எங்கே விடுவார்கள் என்பதை ஊர்க்காரர்தான் சொல்வார். இரண்டு பேரும் வேண்டும்.

3. மதியச் சாப்பாடு எங்கே?

4. படகு உண்டா? உண்டு என்றால், அனுமதியும் லைஃப் ஜாக்கெட்டும் உண்டா?

5. எந்த மாதம்? நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. வெயில் தாங்கும், பூநாரைகளையும் பார்க்க வாய்ப்பு உண்டு. இது பறவைகள் சரணாலயம். ட்ரோன் விட்டுப் பறவைகளைக் கிளப்பி வீடியோ எடுப்பது தப்பு. பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா வேற இருக்கிறது என்பதையும் மறந்துடாதீங்க.

வேன் வேண்டாம், நாங்களே போய்க்கிறோம் என்பவர்களுக்கு: சென்னை சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் உண்டு. செலவு ரொம்பக் குறைவு. மிச்சமாகும் காசை ஊரில் செலவு பண்ணுங்க.

குப்பத்துக்குள் நடக்கும்போது ஒரு மரியாதை. வலை பின்னிக்கொண்டு இருப்பவரிடம் கேமராவை நீட்டுவதற்கு முன்னால், "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். மீன் விற்கும் அக்காவிடம் விலை கேட்டுவிட்டு, வீடியோ மட்டும் எடுத்துக்கொண்டு நகராதீர்கள். அவர்கள் உங்க ரீலுக்கு பேக்ரவுண்ட் இல்லை.

அப்போ, கோட்டை எங்க?

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை சுவராக நிற்கிறது. ஆலம்பரையில் இடிபாடாக நிற்கிறது. சென்னையில் ஆட்சியாக நிற்கிறது. பழவேற்காட்டில் அது ஒரு குப்பத்தின் பெயராக, ஒரு கைலியின் பெயராக, பெயரே இல்லாமல் கப்பலேறியவர்களின் கதையாக நிற்கிறது.

முள்மேட்டைச் சுத்தம் செய்து, அகழியைத் தூர்வாரி, நாலு தகவல் பலகைகள் வைத்தால் நல்லதுதான். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைப் புதுப்பித்து அருங்காட்சியகம் வைத்தபோது அந்தச் சின்ன ஊருக்கு வெளியூர்க்காரர்கள் தேடி வந்தார்கள். பழவேற்காட்டுக்கும் அது வரட்டும். ஆனா அப்படிப் புதுப்பிக்கும்போது சுற்றியிருக்கும் குப்பங்கள் இல்லாமல் போயிருந்தால், பார்க்க வருகிறவர்களிடம் கதை சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். ஏரி செத்துப்போன பிறகு, அதன் கரையில் அழகாகப் புதுப்பித்த கோட்டை ஒன்று நிற்பதில் யாருக்கு என்ன லாபம்?

அடுத்த முறை காட்டுப்பள்ளி கருத்துக் கேட்புக் கூட்டம் என்று செய்தி வந்தால், நீங்கள் அதை ஸ்க்ரோல் பண்ணித் தள்ளிவிட மாட்டீர்கள். அந்த மணல் திட்டு எவ்வளவு குறுகல் என்று நடந்து பார்த்திருப்பீர்கள். முகத்துவாரம் அடைத்தால் யார் வீட்டு உலை கொதிக்காது என்று தெரிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில, 1,500 ரூபாய்ல, இதைவிட வேற என்ன வேணும்?